சுதந்திரமாகத் தேர்ந்தெடுத்த படகு

ஓக்தம் துறையில் யாராவது எதையாவது சும்மா கொடுத்தால், தாக் இன்பே அதைத் திருப்பிப் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், பிறகு கொடுத்தவரின் முகத்தைப் பார்ப்பார். மீனவர் கூட்டுறவுச் சங்கம் புத்தாண்டுக்குக் கொடுத்த துண்டை ஒரு வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு, சாயம் போகவில்லை என்று தெரிந்த பிறகுதான் கழுத்தில் போட்டார். முப்பத்திரண்டு வருடமாகக் கிழக்குக் கடலில் கணவாய் மீன் பிடிக்கிறவர். கடல் இரண்டு தடவை அவரை விழுங்கப் பார்த்தது. இரண்டு தடவையும் முன்கூட்டியே சந்தேகப்பட்டதால் பிழைத்ததாகச் சொல்வார்.

அவருடைய மனைவி மல்சுன்தான் படகில் அவருக்கு இருக்கும் ஒரே ஆள். "இந்த மனுசன் கல்யாணத்தன்னிக்கே என்னையும் திருப்பிப் பாத்தாரு, பின்னாடி ஏதாவது எழுதியிருக்கான்னு" என்று அவள் சந்தையில் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த ஜனவரியில் அவர்களுடைய பழைய ஃபைபர் படகு, வெள்ளத்தில் அடித்து வந்த ஒரு மரத்துண்டில் மோதியது. படகின் முன்முனையான அணியம் தேங்காய் மாதிரி பிளந்தது. பக்கத்துப் படகுக்காரன் குக் பான்சோக் கயிறு கட்டி இழுத்துக் கரைசேர்த்தான். இருபத்தாறு வருடப் படகு. ஏற்கெனவே மூன்று தடவை இழைத்துணியும் ரெசினும் வைத்து ஒட்டியது. நான்காம் தடவை ஒட்ட, ஒட்டுக்கு இடையில் படகே மிச்சமில்லை.

புதுப் படகின் உடலை எதில் கட்டுவது என்று புருசனும் பெண்டாட்டியும் பத்து நாள் பேசினார்கள். ஃபைபர் என்றால் அலையில் மெத்தென்று போகும், சிறு காயத்தை நாமே ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் மரம் மோதினால் பிளக்கும். அலுமினியத் தகடு என்றால் மோதினாலும் நெளியும், பிளக்காது. எடை குறைவு, டீசல் மிச்சம். ஆனால் அலையில் தகர டின்னை அடிப்பது போல டமார் டமார் என்று சத்தம், வெல்டருக்கு மூன்று மணி நேரம் காரில் போக வேண்டும்.

"சத்தம் கேட்டா காதுதான் போகும். பிளந்தா ரெண்டு பேரும் போவோம்" என்றாள் மல்சுன், கிம்ச்சிக் குழம்பை அவர் கிண்ணத்தில் ஊற்றியபடி. "அலுமினியம் போதும்."

இன்பே யோசித்துப் பார்த்தார். சந்தேகப்பட ஒன்றும் கிடைக்கவில்லை. "சரி" என்றார்.

அப்போது துறைமுகத்தில் ஒரு மையம் இருந்தது. அதன் பெயர் 'படகுடல் சுதந்திரத் தேர்வு ஆதரவு மையம்'. பழைய ஃபைபர் படகுகளுக்குப் பதில் அலுமினியப் படகு கட்டினால் அரசாங்கம் பாதிச் செலவை ஏற்கும். அதற்கு வழிகாட்டுவது மையத்தின் வேலை. அதாவது, மீனவர்கள் அலுமினியத்தைச் சுதந்திரமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தச் சுதந்திரம் தவறிப் போகாமல் மையம் பார்த்துக்கொள்ளும்.

இன்பே வாசலில் செருப்பைக் கழற்றி, அங்கே வைத்திருந்த ரப்பர் சப்பாத்தை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். கவுண்டரில் யேரின் என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். காகிதக் கோப்பையில் காப்பி கலந்து கொடுத்தாள். இன்பே காப்பியை முகர்ந்துவிட்டு, படிவத்தில் 'அலுமினியம்' என்ற கட்டத்தில் குறி போட்டு நீட்டினார்.

யேரின் முகம் வெளுத்தது.

"ஐயா, நீங்களே குறி போட்டுட்டீங்களா?"

"ஆமாம்மா. அலுமினியம்தான வேணும்னு போர்டு போட்டிருக்கீங்க?"

"வேணும்தான். ஆனா... கொஞ்சம் இருங்க."

அவள் உள்ளே ஓடினாள். கொஞ்ச நேரத்தில் இயக்குநர் மோ குவாங்ஹோ வெளியே வந்தார். சலவை மடிப்புக் கலையாத மீனவர் மேற்சட்டை போட்டிருந்தார். அதில் ஒரு செதில்கூடப் பட்டதில்லை. மிதவைப் படித்துறையில் நின்றாலே வாந்தி எடுப்பார் என்று துறையில் பேச்சு.

"தாக் கேப்டன்!" இரண்டு கைகளாலும் இன்பேயின் கையைப் பிடித்துக்கொண்டார். "யார் உங்களை அனுப்புனாங்க?"

"யாரும் அனுப்பல. நானும் வீட்டுக்காரியும் பேசி முடிவு பண்ணோம்."

"ஆலோசனை இல்லாமலா?" இயக்குநர் குரல் தாழ்ந்தது. "எந்த வகுப்பும் இல்லாம? கேப்டன், தப்பா எடுத்துக்காதீங்க. இதுவரை ஏழு பேர் அலுமினியத்துக்கு மாறியிருக்காங்க. ஏழு பேரும் முதல்ல தயங்கினாங்க. நாங்க தயக்கத்தைப் போக்கினோம். மொத்தம் எட்டுத் தயக்கம் போக்கணும்னு இலக்கு. நீங்க தயங்காமயே வந்து நின்னா, நாங்க எதைப் போக்குறது? மக்களே தானா முடிவெடுத்துட்டா அப்புறம் நாங்க எதுக்கு?"

இன்பே யோசித்தார். நியாயமான கேள்விதான். ஆனால் அதை அவர்களே கேட்பதுதான் அவருக்குப் புரியவில்லை.

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"ஒன்னுமில்ல. ஃபைபர்ல குறி போடுங்க. 'தயங்குபவர்'னு ஒரு சான்றிதழ் தருவோம். அப்புறம் எல்லாம் முறைப்படி நடக்கும்."

இன்பே வீட்டுக்கு வந்து சொன்னதும் மல்சுன் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். "முப்பது வருசமா எல்லாத்தையும் சந்தேகப்பட்டீங்க. இப்பதான் கவர்மெண்டு சான்றிதழே குடுக்குது. போய் வாங்கிட்டு வாங்க."

அவர் போய் வாங்கினார். சிவப்பு முத்திரையோடு, கெட்டி அட்டையில் இருந்தது. 'மேற்படி நபர் உண்மையாகவே தயங்குகிறார்.'

ஆனால் அன்று இன்பேயின் மனதில் ஒரு சந்தேகப் பொறி விழுந்தது. சரியான பொருளை ஏன் ஒருவன் வேண்டாம் என்று சொல்லச் சொல்கிறான்? அலுமினியத்தில் நமக்குத் தெரியாத ஏதோ இருக்கிறதோ?

தயக்க வகுப்பு மையத்தின் பெரிய ஹாலில் நடந்தது. கொடி வணக்கம், மௌன அஞ்சலி, வந்திருந்த விருந்தினர் அறிமுகம் எல்லாம் நாற்பது நிமிடம். விருந்தினர் பதினான்கு பேர். தயங்குபவர் ஒருவர். பிறகு இயக்குநர் மோ மேடையேறி ஒரு மணி நேரம் அலுமினியத்தைத் திட்டினார். உப்பில் அரிக்கும், குளிரில் சில்லிடும், இரைச்சலில் கணவாய் ஓடிவிடும் என்றார். மூச்சுவிடாமல் பேசினார். அவ்வளவு உருக்கமாகப் பேசியதில் விருந்தினர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பத்து நிமிட இடைவேளை. இயக்குநர் உள்ளே போய் நீல மேற்சட்டையை மாற்றி ஆரஞ்சு மேற்சட்டையில் வந்தார். இப்போது ஒரு மணி நேரம் அலுமினியத்தைப் புகழ்ந்தார். அதே உருக்கம். அதே விருந்தினர் மறுபடியும் கண்ணைத் துடைத்தார்.

கடைசியில் கண்ணாடித் தொட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதில் இரண்டு பொம்மைப் படகுகள். யேரின் தண்ணீரைக் கையால் கலக்கினாள். ஃபைபர் பொம்மை உடனே மூழ்கியது. அலுமினியப் பொம்மை மிதந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

இன்பே எழுந்து போய், மூழ்கிய பொம்மையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அடியில் ஒரு நூறு வொன் நாணயம் ஒட்டியிருந்தது.

"சார், இதுல காசு ஒட்டியிருக்கே?"

"அது நிஜ வாழ்க்கையின் பாரம், கேப்டன்" என்றார் இயக்குநர், கண் இமைக்காமல். "குறியீடு."

"சரி, அலுமினியப் படகுல அடி வாங்கி ஓட்டை விழுந்தா, பக்கத்துல வெல்டர் யாரு இருக்கா?"

இயக்குநர் தாளைப் புரட்டினார். "அந்தக் கேள்வி இந்த வகுப்பின் எல்லைக்கு வெளியே வருது. ஆனா ரொம்ப நல்ல தயக்கம். யேரின், அதைக் குறிச்சுக்கோ."

அன்று மாலை இன்பே உண்மையிலேயே தயங்கிப் போய்விட்டார். ஃபைபரா, அலுமினியமா என்று நடுவில் மாட்டிக்கொண்டு தூங்கவில்லை. சான்றிதழ் பொய்யாகவில்லை என்பது மட்டும்தான் ஆறுதல்.

"பேசாம ஃபைபரே கட்டிடலாமா, புள்ள?"

"அந்த ஆள் சொன்னதுக்காக அலுமினியமும் வேணாம், அந்த ஆள் சொன்னதுக்காக ஃபைபரும் வேணாம்" என்றாள் மல்சுன். "அந்த மரத்துண்டை நெனச்சுக்கோங்க. அது எந்த வகுப்புக்கும் போகல."

அந்த ஒரு சொல்லில் அவருக்குத் தெளிவு வந்தது. மறுநாள் போய் தயக்கம் தீர்ந்ததாகக் கையெழுத்துப் போட்டார். மையம் வெள்ளைத் துணியில் பெரிய பேனர் அடித்துத் துறைமுக வாசலில் கட்டியது. 'எட்டாவது தயக்கம் வெற்றிகரமாகப் போக்கப்பட்டது.' எல்லோரும் முஷ்டியை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். இன்பேயின் முஷ்டி மட்டும் பாதி உயரத்தில் நின்றது.

மார்ச்சில் படகு வந்தது. ஏழு டன். ஆறு மில்லிமீட்டர் தகடு. வெல்டிங் கோடுகள் மீன் எலும்பு போல நேராக இருந்தன. கட்டியவன் நல்ல தொழிலாளி. இன்பே ஒவ்வொரு கோட்டையும் நகத்தால் கீறிப் பார்த்தார். குறை கிடைக்கவில்லை. மனதுக்குள் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

படகைக் கடலில் இறக்கும் சாய்தளத்தில் அதை நிறுத்தி, பன்றித் தலை வைத்து, மக்கோல்லி அரிசிக் கள்ளை நாலு மூலையிலும் ஊற்றிப் பூசை போட்டார்கள். அதுவரை எல்லாம் துறையின் வழக்கம். பிறகு இயக்குநர் வெள்ளைக் கையுறையோடு முன்னால் வந்தார். பின்னால் இரண்டு பேர் ஒரு பித்தளைப் பலகையைத் தூக்கி வந்தார்கள். சாப்பாட்டுத் தட்டு அளவு இருக்கும். 'இப்படகு சுதந்திரமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது' என்று பொறித்திருந்தது. கீழே மையத்தின் பெயர், இயக்குநரின் பெயர். படகின் பெயருக்கு இடமில்லை.

ஒருவன் துளைக்கருவியை எடுத்து அணியத்தின் அருகே, ஆள் உயரத்தில், தகட்டில் குறி வைத்தான்.

"நிறுத்து, நிறுத்து!" இன்பே குறுக்கே போனார். "அங்க ஓட்டை போட்டா அது தண்ணிக்கு அடியில போற இடம்!"

"தெரியும் கேப்டன்" என்றார் இயக்குநர். "ஆனா விருந்தினர்கள் நிக்கிற உயரம் அதுதான். பலகையும் முகங்களும் ஒரே படத்துல வரணும். மேல வச்சா படத்துல என் தலை வராது."

"தண்ணில இறக்கினதுக்கு அப்புறம் யார் படிப்பாங்க? கணவாயா?"

கூட்டத்தில் குக் பான்சோக் சிரித்தான். அவன் படகிலும் அதே இடத்தில் அதே பலகை இருந்தது.

"சார், அது இருக்கட்டும். பித்தளையும் அலுமினியமும் உப்புத் தண்ணில ஒண்ணா இருந்தா, பித்தளைக்கு ஒண்ணும் ஆகாது, அலுமினியம் கரைஞ்சு போயிடும். ஒரு உறைக்குள்ள ரெண்டு கத்தி மாதிரி. கடல்ல இருக்கிற எந்தப் பயலைக் கேட்டாலும் சொல்வான்."

இயக்குநர் அவரைப் பரிவோடு பார்த்தார். "கேப்டன், உங்க தயக்கம் தீர்ந்ததுக்கு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இப்ப மறுபடி தயங்கினா அது புதுத் தயக்கம். புதுத் தயக்கத்துக்குப் புதுப் படிவம். மேலும் ஒரு விசயம். படகு உங்களோடது. பலகை மையத்தோடது. அதைக் கழட்டினா அரசாங்கச் சொத்துக்குச் சேதம்."

எட்டுத் திருகாணிகள் இறங்கின. கைதட்டல் முடிந்ததும் விருந்தினர்களுக்கு மையத்தின் பெயர் அச்சடித்த துண்டு கொடுத்தார்கள்.

அந்தப் படகு நன்றாகவே ஓடியது. அலையில் டமார் டமார் என்றது, மல்சுன் காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள். ஒரு தடவை மிதக்கும் கட்டையில் மோதி, கிண்ண அளவுக்கு நெளிந்ததோடு போயிற்று. "பாத்தீங்களா?" என்றாள். இன்பே ஒவ்வொரு தடவை கரை சேர்ந்ததும் படகின் முன்னறையில் குனிந்து, பலகைக்கு நேர் உள்பக்கத்தைக் கையால் தடவிப் பார்ப்பார். அக்டோபர் வரைக்கும் காய்ந்துதான் இருந்தது.

நவம்பரில் ஒரு நாள் காலை, கரையிலிருந்து நாற்பது மைல். வடக்கே அலை எழும்பிக்கொண்டிருந்தது. முன்னறையிலிருந்து கயிறு எடுக்கப் போன மல்சுன் கத்தினாள்.

"ஏங்க! என் பூட்சு மிதக்குது!"

இன்பே சுக்கானைக் கட்டிவிட்டு ஓடினார். முன்னறையில் முழங்கால் அளவு தண்ணீர். குனிந்து கையை விட்டு, பலகைக்கு நேர் உள்பக்கத்தைத் தேடினார். திருகாணி ஒன்றைச் சுற்றித் தகடு ஈரமான பிஸ்கட் போல இருந்தது. விரலை வைத்தார். விரல் உள்ளே போனது. வெளியே கடலின் குளிர் விரல் நுனியைத் தொட்டது.

அவர் விரலை எடுக்கவில்லை.

"பழைய படகு டப்பாவுல ஒட்டுப்பசை இருக்கு. எடுத்துட்டு வா. அப்புறம் பம்பைப் போடு."

மல்சுன் பழைய ஃபைபர் படகுக்கு வைத்திருந்த, தண்ணீருக்குள்ளேயே இறுகும் பசையைப் பிசைந்து கொடுத்தாள். மாவு பிசைவது போல இரண்டு கைகளாலும் வேகமாகப் பிசைந்தாள். அவர் அதை ஓட்டையில் அழுத்தினார். மேலே இழைத்துணி, அதற்கு மேல் கணவாய் நறுக்கும் பலகை, அதற்கு முட்டாகத் துடுப்புக்கட்டை. மல்சுன் அதில் முதுகைச் சாய்த்து, காலை எதிர்ச்சுவரில் ஊன்றிக்கொண்டாள். ஆறு மணி நேரம். பம்பு இரைந்தது, படகு டமார் டமார் என்றது. நடுவில் ஒரு தடவை, "என்னை விட்டு நகர்ந்துடாதீங்க" என்றாள். அவள் முப்பது வருடத்தில் அப்படிச் சொன்னதில்லை.

மூன்றாம் நாள் விசாரணை. படகு சாய்தளத்தில் நின்றது. இயக்குநர் குடையோடு வந்தார், யேரின் கோப்போடு வந்தாள்.

"உடைந்தது எது?" என்றார் இயக்குநர்.

"தகடு அரிச்சுப் போச்சு சார். உங்க பலகையால."

யேரின் படிவத்தைப் புரட்டினாள். "ஐயா, 'பலகையால்'னு ஒரு காரணம் இதுல இல்ல. 'படகுடல் பொருளில் அதிருப்தி'னு ஒன்னு இருக்கு."

"அதிருப்தி இல்லம்மா. அலுமினியம் நல்ல பொருள். அந்தப் பலகைய மாட்டாம விட்டிருந்தா எனக்குப் பிறகும் ஓடும்."

இயக்குநர் குனிந்து உள்ளே பார்த்தார். அவர் புருவம் ஏறியது. "இது என்ன, இழைத்துணி? ரெசின்? அப்படின்னா நீங்க ரகசியமா ஃபைபருக்குத் திரும்பிட்டீங்க."

"உள்ளங்கை அளவு, சார். உயிர் பிழைக்க."

"எல்லாத் தவறும் உள்ளங்கை அளவுலதான் ஆரம்பிக்குது." இயக்குநர் யேரினிடம் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். "காரணம்: திருகாணிகள் போதுமான அளவு இறுக்கப்படவில்லை. பரிந்துரை: எட்டுப் படகுகளிலும் நாளை மறுநாள் நீளமான திருகாணிகள் பொருத்தப்படும். இரண்டு மடங்கு."

மல்சுன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். இன்பே அவள் கையைப் பிடித்தார்.

அவர்கள் நேரே குக் பான்சோக்கிடம் போனார்கள். அவன் மறுநாள் கடலுக்குப் போக ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தான்.

"படகை மேல ஏத்துடா. பலகையக் கழட்டிப் பாக்கணும்."

குக் சந்தேகமாகப் பார்த்தான். "அண்ணே, உங்க படகு ஓட்டையானா ஊர்ப் படகெல்லாம் ஓட்டைங்கிறீங்களா? கணவாய் வந்து நிக்குது. நான் கரையில நின்னா அந்த மீனு யாருக்கு? உங்களுக்கா?"

"என் படகே கரையில நிக்குது. எப்படிடா எனக்கு?"

"அதுதான் எனக்கும் புரியல. ஏதோ இருக்கு." குக் ஐஸ் பெட்டியைத் தூக்கினான். "அரசாங்கச் சொத்து. கழட்டினா என் தலை போயிடும்."

மல்சுன் முன்னால் வந்தாள். "சரி தம்பி. போ. ஆனா உன் தம்பியும் அந்தப் படகுலதான வர்றான்? போறதுக்கு முன்னாடி உங்கம்மாகிட்டப் போய்ச் சொல்லிட்டுப் போ. 'ஓட்டை இருக்கான்னு பாக்க எனக்கு நேரமில்ல'ன்னு. அந்த ஒரு வார்த்தை மட்டும்."

குக் ஐஸ் பெட்டியைக் கீழே வைத்தான். படகை இழுத்தேற்றும் விஞ்ச் இரைந்தது. படகு ஏறியது.

பலகையின் திருகாணிகள் சுலபமாக வந்தன. அதுவே நல்ல அறிகுறி இல்லை. பலகை பெயர்ந்ததும் பின்னால் ஈரமான வெள்ளை மாவு கட்டியாக விழுந்தது. குக் கட்டைவிரலால் தகட்டை லேசாக அழுத்தினான். விரல் உள்ளே போய்விட்டது. அவன் அதை வெளியே எடுத்து, பார்த்து, மறுபடி உள்ளே விட்டுப் பார்த்தான். அவனுடைய தம்பி சாய்தளத்தின் ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டான்.

அதற்குப் பிறகு யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. அன்றும் மறுநாள் காலையும் விஞ்ச் ஓயாமல் இரைந்தது. எட்டுப் படகுகளும் கரையில் வரிசையாக நின்றன. கணவாய் கடலில் இருந்தது. வெல்டருக்கு ஆள் போயிருந்தது.

பிற்பகலில் எட்டு கேப்டன்களும் ஆளுக்கொரு பலகையோடு மையத்துக்குப் போனார்கள். வாசலில் செருப்பைக் கழற்றி ரப்பர் சப்பாத்து மாட்டிக்கொண்டார்கள். உள்ளே இயக்குநர் வேறு ஊரில் ஏதோ பாராட்டு விழாவுக்குப் போயிருந்தார். யேரின் மட்டும் இருந்தாள். எட்டுப் பலகைகளும் கவுண்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கின.

"இது... திருப்பிக் குடுக்கிறதா?" அவள் அலமாரியைத் துழாவி, தூசி படிந்த ஒரு பதிவேட்டை எடுத்தாள். "அரசாங்கச் சொத்து திரும்பப் பெறும் பதிவேடு. இதுவரைக்கும் யாரும் எதையும் திருப்பித் தந்ததில்ல."

எண்ணிக்கை எட்டு என்று எழுதினாள். அடுத்த கட்டம்: பொருளின் நிலை. அவள் ஒரு பலகையை எடுத்துத் துணியால் துடைத்தாள். வெள்ளை மாவு போனதும் பித்தளை பளபளத்தது. ஒரு கீறல் இல்லை, ஒரு புள்ளி அரிப்பு இல்லை. எழுத்துகள் செதுக்கிய அன்று போலவே இருந்தன. அடுத்ததைத் துடைத்தாள். அதுவும் அப்படியே. படகுகளின் நிலைக்கு ஏதாவது கட்டம் இருக்கிறதா என்று பக்கத்தைத் திருப்பித் தேடினாள். இல்லை.

பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி எட்டுப் பேரின் முகத்தையும் பார்த்தாள்.

"ஐயா, இதுல... 'மிக நன்று'ன்னு எழுதணும்."

"எழுதும்மா" என்றார் இன்பே. "உண்மைதான."